பைண்டுக்குள் போகாத பக்கங்கள்

1952-இல் சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு 'கல்கி' இதழுக்கு ஆயுள் ஒரு வாரம். அடுத்த இதழ் வந்துவிட்டால் அது பழசு. மரக்கூழில் செய்த மலிவான காகிதம், ஈய எழுத்து, நடுவில் இரண்டு இரும்புக் கம்பி. நீடித்து இருக்க வேண்டும் என்று யாரும் அதைத் தயாரிக்கவில்லை. ஆனாலும் அந்த இதழ்களின் ஒரு பகுதி இன்றும் நம் கையில் இருக்கிறது. பிழைக்க வைத்தது ஒரு தொடர்கதை.

1950 அக்டோபர் 29 அன்று 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. முடிய மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வாரந்தோறும் கட்டுக் கட்டாக ரயிலில் வந்த இதழ், ஏஜெண்டு கடையில் பிரிக்கப்பட்டு வீடுகளுக்குப் போனது. ஒரு வீட்டுக்கு வாங்கிய பிரதியை நாலு வீடு படித்தது. சுற்றி முடித்துத் திரும்பி வந்ததும் பரண். அங்கே காத்திருந்தன ராமபாணப் பூச்சியும் கரையானும்.

தொடர் முடிந்ததும் பரணிலிருந்து எல்லாம் இறங்கும். இதழின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் இங்கேதான். கம்பியை நெம்பி எடுத்து, கதைப் பக்கங்களை மட்டும் உருவி, வரிசைப்படுத்தி பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் நூலால் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, முதுகில் காலிக்கோ ஒட்டி, ஓரத்தை வெட்டித் தருவார். துத்தம் பூச்சியைத் தடுக்கும். அந்த ஒரு சிட்டிகை நீல உப்பு இல்லாவிட்டால் பாதிக் காகிதம் பூச்சிக்கு இரையாகியிருக்கும். மிச்சப் பக்கங்கள் மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலம் ஆயின.

பைண்டு செய்தவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். கதையின் மேல் இருந்த பிரியத்தால் செய்தார்கள். புத்தகம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அதுவே நூலகம். ஆனால் அவர்கள் காப்பாற்றிய பகுதிதான் இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. வீசியெறிந்த பகுதிதான் எங்கும் கிடைப்பதில்லை: அட்டைப்படம், தலையங்கம், துணுக்கு, வாசகர் கடிதம், சோப்பு விளம்பரம்.

என்னிடம் உள்ள ஒரு பைண்டில் ஓர் அத்தியாயம் முடியும் தாளைத் திருப்பினால், மறுபுறம் ஒரு சினிமா விமரிசனத்தின் கடைசிப் பத்தி. பாட்டுகளைப் புகழ்கிறது, நகைச்சுவைப் பகுதியைக் குறைக்கச் சொல்கிறது. எந்தப் படம்? பெயர் முந்தைய பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் வெல்லமோ மிளகோ மடித்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போயிற்றோ! கீழே அரை விளம்பரம். பைண்டரின் கத்தி கம்பெனிப் பெயரில் பாதியைக் கொண்டுபோய்விட்டது.

அதனால்தான் பழைய இதழ் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது "முழு இதழா?" என்று. அடுத்த கேள்வி "அட்டை இருக்கா?" சென்னையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பெரிய இடம் மூர் மார்க்கெட். 1985 மே மாதத் தீயில் அது போயிற்று. எரிந்த பழைய புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கணக்கே இல்லை. பிறகு தேடல் திருவல்லிக்கேணி நடைபாதைக்கும், வீடு காலி செய்பவர்களிடம் எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடைகளுக்கும் நகர்ந்தது.

வாங்குவதற்கும் கண் வேண்டும். 'கல்கி' இந்தத் தொடரைப் பின்னாளில் திரும்பத் திரும்ப வெளியிட்டது. அட்டை போன பைண்டைக் கையில் கொடுத்து "ஒரிஜினல் சார்" என்பார்கள். படத்தைப் பாருங்கள்: முதல் முறை வரைந்தவர் மணியம், மறுவெளியீடுகளில் வினு, பத்மவாசன் என்று கை மாறியது. விளம்பரத்தில் விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தியது என்று ஏறக்குறைய நம்பலாம். 'லை', 'னை' எழுத்துகளில் யானைத் துதிக்கை வளைவு இல்லையென்றால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய அச்சு. கதை ஒன்றே, காலத்தைக் காட்டிக்கொடுப்பவை படமும் விளம்பரமும் எழுத்துருவும்தான்.

இதை எல்லாருக்கும் முன்பே புரிந்துகொண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களோடும் பத்திரிகைகளோடும் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. பழுப்பேறிய தாள்கள் அங்கே மைக்ரோபிலிமுக்குப் போயின, பிறகு டிஜிட்டலுக்கு. அக்காலச் சமையலறையையோ மருந்து வியாபாரத்தையோ ஆராய வருகிறவருக்குத் தொடர்கதைப் பக்கத்தைவிட அதன் பக்கத்தில் இருந்த விளம்பரம்தான் வேண்டும்.

1941-இல் தொடங்கிய 'கல்கி'யின் அச்சு இதழ் 2020-இல் நின்றது. இனி எண்ணிக்கை கூடப் போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், எனக்கு 1950-களின் இதழைத் தேடுவதைவிட 1990-களின் முழு இதழைத் தேடுவது கஷ்டமாக இருக்கிறது. பைண்டு செய்யும் பழக்கம் அதற்குள் போய்விட்டது. படித்ததும் மாதக் கடைசியில் செய்தித்தாளோடு சேர்ந்து எடைக்குப் போயிற்று. பழைய பேப்பர்காரர்களிடம் இப்போது நான் சொல்லி வைத்திருப்பது அந்த வருடங்களைத்தான். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நடுவில் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.