ஒரு விநாடிக்கு எட்டு சென்டிமீட்டர்!

1950-களின் ஜப்பானில், நல்ல சுஷிக் கடைக்குள் நுழைய கொஞ்சம் தைரியம் வேண்டும். மரக் கவுன்ட்டருக்குப் பின்னால் சமையல்காரர் கத்தியும் கையுமாக நிற்பார். பல கடைகளில் விலைப்பட்டியலே கிடையாது. 'இன்றைய மார்க்கெட் ரேட்' என்பார்கள், அவ்வளவுதான். மீன் துண்டு வாயில் கரையும். பில்லை நினைத்தால் வயிற்றில் புளி கரையும்!

இத்தனைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், சுஷி என்பது தெருவோரக் கடைச் சமாசாரம். நின்றபடியே நாலு துண்டை விழுங்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். தெருவில் பிறந்த பண்டம் பிறகு எப்படியோ பெரிய மனுஷத்தனம் பழகிவிட்டது.

அதை மறுபடி கீழே இறக்கியவர் யோஷியாகி ஷிராய்ஷி. இன்று ஹிகாஷி ஒசாகா என்று அழைக்கப்படும் ஊரில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். சுற்றிலும் சிறு தொழிற்சாலைகள். வாடிக்கையாளர்கள் எல்லாம் கைநிறைய பசியும் பைநிறைய சில்லறையும் கொண்ட தொழிலாளிகள். விலை மலிவு என்பதால் கூட்டம் அம்மியது. ஆனால், பரிமாற ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. மனிதர் திண்டாடிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அசாஹி பீர் தொழிற்சாலைக்குப் போனார். பெல்ட்டில் பாட்டில்கள் ஊர்வலம் போவதைப் பார்த்தார். பாட்டில் போகலாம் என்றால் தட்டு ஏன் போகக்கூடாது?

கேட்பதற்குச் சுலபம். செய்வதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. நேராகப் போகும் பெல்ட் எங்கேயும் கிடைக்கும். மூலையில் திரும்ப வேண்டுமே! திருப்பத்தில் தட்டுகள் முட்டிக்கொண்டால் சாப்பிடுகிறவர் மடியில்தான் மீன். அடுத்து, வேகம். ரொம்ப வேகமாக ஓடினால் எடுப்பதற்குள் தட்டு நழுவிவிடும்; மெதுவாக ஊர்ந்தால் பசிக்காரனுக்குப் பொறுமை போய்விடும். கடைசியில் விநாடிக்கு எட்டு சென்டிமீட்டர் என்று முடிவாயிற்று. 1958-ல் 'ஜென்ரோகு சுஷி' சுற்ற ஆரம்பித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷிராய்ஷி சமையல்காரரின் கையை வேகப்படுத்தவில்லை. சர்வரை ஓடவைக்கவும் இல்லை. 'ஆர்டர்' என்கிற சடங்கையே தூக்கிக் கடாசிவிட்டார்! நீங்கள் கேட்பதற்கு முன்பே சாப்பாடு கண்ணெதிரே வருகிறது. பிடித்தால் எடுங்கள், இல்லையா, அது பாட்டுக்குப் போகும். காலித் தட்டுகளை எண்ணினால் பில் தயார்.

1970-ல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி. அங்கே ஜென்ரோகு கடை போட, நாடு முழுக்கப் பெயர் பரவியது. உச்சத்தில் அவருடைய கிளைகள் 240-ஐத் தொட்டன. 1978-ல் பேட்டன்ட் காலாவதியானதும் ஆளாளுக்கு பெல்ட்டை ஓட்ட ஆரம்பித்தார்கள். பெல்ட்டை ஒட்டி எதிரெதிர் இருக்கைகளுடன் மேஜைகள் வந்தன. அதுதான் பெரிய திருப்பம். தொழிலாளி அவசரமாகச் சாப்பிட்ட இடத்துக்கு அப்பா, அம்மா, குழந்தைகள், பாட்டி என்று குடும்பமே வர ஆரம்பித்தது. 1981-ல் சோற்று உருண்டை பிடிக்க இயந்திரமும் வந்துவிட்டது. பெரிய போட்டியாளர்கள் முளைக்க, ஷிராய்ஷியின் சாம்ராஜ்யம் சுருங்கியது. ரோபோக்களை வைத்துப் பரிமாறும் முயற்சியும் எடுபடவில்லை. 2001-ல் அவர் இறந்தபோது சில கடைகளே மிச்சம்.

கேட்பதற்கு முன்பே சமைத்து வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. யாரும் எடுக்காத தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால்? 'சுஷிரோ' நிறுவனம் தட்டுகளுக்கு அடியில் சிப் பொருத்தியது. 350 மீட்டர் பயணம் செய்தும் விலைபோகாத சுஷி தானாகக் கழித்துக்கட்டப்பட்டது. 'குரா சுஷி' மேஜையிலேயே காலித் தட்டைப் போட ஒரு துவாரம் வைத்தது. ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு விளையாட்டு, அதிர்ஷ்டமிருந்தால் பொம்மை! குழந்தைகள் பொம்மைக்காக இன்னொரு தட்டு கேட்க, அப்பாவின் பர்ஸ் இளைக்கும். வியாபாரிகள் எந்த ஊரிலும் வியாபாரிகள்தான்.

எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் வாடிக்கையாளரிடமே விட்டிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தட்டைத் தொட்டுவிட்டுத் திருப்பி வைக்க மாட்டார் என்ற நம்பிக்கை. இடையில் சர்வர் இல்லாத கடையில் வேறு காவல் ஏது?

2023 ஜனவரி கடைசியில் ஒரு வீடியோ பரவியது. சுஷிரோ கிளை ஒன்றில் ஒரு பதின்வயதுப் பையன் சோயா சாஸ் பாட்டிலின் வாயை நக்குகிறான். எச்சில் விரலால் ஓடுகிற சுஷியைத் தொடுகிறான். சில விநாடி விளையாட்டு! ஜப்பானே முகம் சுளித்தது. தாய் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. 6 கோடியே 70 லட்சம் யென் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சமரசமாகிவிட்டது. என்னைக் கேட்டால், ஒரு விடலைப் பையனிடம் அவ்வளவு பெரிய தொகை கேட்டது கோபம்தானே தவிர கணக்கல்ல.

ஆனால், பயம் நிஜம். சுஷிரோ பொதுவாகச் சுற்றவிடுவதை நிறுத்தியது. செப்டம்பரில் சில கிளைகளில் மேஜையோரம் பெரிய திரைகள் வைத்தார்கள். திரையில் சுஷியின் படம் நீந்திப் போகும், தொட்டால் ஆர்டர், அசல் தட்டு தனிப் பாதையில் நேராக உங்களிடம் வரும். ஷிராய்ஷி ஒழித்துக்கட்டிய ஆர்டர் 65 வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது!

குரா சுஷி மட்டும் விடாப்பிடியாக, தட்டுக்கு மூடி, மேலே கேமரா என்று காவல் போட்டு பெல்ட்டை ஓட்டியது. 2025-ல் ஒசாகாவில் மறுபடி உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்கே சுமார் 135 மீட்டர் நீளத்துக்கு பெல்ட் போட்டது. அவசரக்காரர்களுக்காகக் கண்டுபிடித்த அந்த பெல்ட்டின் முன்னால் உட்கார, ஜனங்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.