விளையாட்டு விளம்பர ஒப்பந்தம் முறிந்தால் இழப்பீடு கணக்கிடப்படுவது எப்படி?

கொல்கத்தா: விளையாட்டு விளம்பர ஒப்பந்தம் முறிந்தால், அதில் எழுதப்பட்ட தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படியே இழப்பீடு கணக்கிடப்படுகிறது.

நேரடி இழப்பு: 73-வது பிரிவின்படி, ஒப்பந்த மீறலால் இயல்பாக ஏற்பட்ட இழப்புக்கே ஈடு உண்டு, மறைமுக இழப்புக்கு இல்லை. வேறு விளம்பரதாரரைத் தேடி இழப்பைக் குறைத்திருக்க முடியுமா என்பதும் பரிசீலிக்கப்படும்.

அபராதத் தொகை: ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட அபராதம் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு நியாயமான தொகையே வழங்கப்படும் என்கிறது 74-வது பிரிவு. கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

வட்டி: கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் சவுரவ் கங்குலி, தமது விளம்பர வாய்ப்புகளைக் கையாள 2003-ல் பெர்செப்ட் குழும நிறுவனங்களுடன் செய்த ஒப்பந்தம் 2007-ல் முறிந்தது. அவருக்குச் சுமார் ரூ.14.49 கோடியும், 2007 முதல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் வழங்க நடுவர் தீர்ப்பாயம் 2018-ல் உத்தரவிட்டது. இந்த விகிதத்தில், தனிவட்டியே 8 ஆண்டு 4 மாதங்களில் அசலுக்குச் சமமாகிவிடும். ஆக, உத்தரவு வெளியான நாளிலேயே வட்டி அசலைத் தாண்டியிருந்தது.

தொகையை வசூலிக்க, கங்குலி பின்னர் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது குறிப்பிடத்தக்கது.