சாதாரண கைப்பிடி

ஓசூரில் அந்தக் காலத்தில் சைக்கிள் கிளப் ஏதாவது இருந்ததா என்று ஒரு நண்பர் கேட்டார். பெங்களூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியுமாக அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர். "ரேஸ் எல்லாம் நடந்திருக்குமே?" என்றார். நடந்தது. கிளப் என்று போர்டு மாட்டாததால் யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளில் எங்கள் கிளப் வாடகை சைக்கிள் கடை. மட்கார்டில் பெயிண்டால் நம்பர், கடைக்காரர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம். மணிக் கணக்கில் வாடகை என்பதால், கையில் இருக்கிற காசுக்கு எவ்வளவு தூரம் போய் வர முடியும் என்பதே கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் மத்திகிரி கால்நடைப் பண்ணை வரை போய்த் திரும்புவது எங்களுக்குள் ஒரு கணக்கு. கடையில் நல்ல வண்டி ஒன்றுதான் இருக்கும். அதனால் இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட முடியாது. ஒருவன் வந்த பிறகு அடுத்தவன் கிளம்புவான். யார் ஜெயித்தது என்பதை நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு டைம் டிரயல் என்று பெயர் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதும் புதிய கேள்வி இல்லை. 1893இல் பாரிஸில் ஆன்றி தெகிரான்ஜ் என்பவர் 35.325 கி.மீ. ஓட்டி அதை ஒரு சாதனைக் கணக்காக்கினார். இதே ஆள்தான் 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கி வைத்தவர். அவர் ஓட்டியது தடையில்லாத வட்டப் பாதையில். எங்களுக்கு மாட்டு வண்டி, லாரி, நாய், செயின் கழன்றால் கையெல்லாம் கிரீஸ்.

இன்னொரு போட்டி வேடிக்கை பார்ப்பதற்கானது. சூளகிரி பக்கம் சந்தை மைதானத்தில் பார்த்த ஏழு நாள் சைக்கிள். ஒருவர் காலைத் தரையில் ஊன்றாமல் ராப்பகலாக வட்டமடிப்பார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் வண்டி மேலேயே. மைக்கில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறி மாறி வரும். எந்த மொழியில் கூப்பிட்டால் யார் காசு போடுவார்கள் என்று அறிவிப்பாளருக்குத் தெரியும். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். இதை வித்தை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் 1878இல் லண்டனில் தொடங்கி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வரை போன ஆறு நாள் பந்தயங்களும் முதலில் கிட்டத்தட்ட இதேதான். ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் அங்கே ஆறு. நமக்கு அந்தத் தடை இல்லை, ஏழு. தூக்கமில்லாமல் ஓட்டுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து, ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது. உடனே இருவர் மாறி மாறி ஓட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அந்த அரங்கின் பெயரிலேயே 'மேடிசன்' இன்று ஒலிம்பிக் போட்டி. சூளகிரியில் ஓட்டியவரின் பெயர் எனக்கு நினைவில் இல்லை, அன்று மைக்கில் நூறு முறை சொல்லியிருப்பார்கள்.

இவ்வளவு தொழிலாளர்கள் இருந்த ஊரில் முறையான கிளப் ஏன் வரவில்லை? இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1894இல் சோசலிஸ்டுகள் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் கிளப் மாதிரி ஒன்று ஓசூரில் முளைத்திருக்கலாம். என் யூகம் இது. அங்கே கவென்ட்ரியில் ரோவர் சைக்கிள் 1885இல் வந்தது. ரோவர் கார் வர 1904 ஆனது. நடுவில் ஒரு தலைமுறை சைக்கிளோடு வாழ்ந்தது, கிளப் கட்டியது, ஞாயிறுகளில் ஊர் சுற்றியது. நமக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. 1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கிய அதே சமயம், இங்கேயே டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். சிப்காட்டில் வேலை கிடைத்து, சைக்கிள் வாங்கி, அது பழகுவதற்குள் அடுத்த வண்டிக்குத் தவணை கட்ட ஆரம்பித்தார்கள். குறை சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து இரவில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பெரியவர்களின் சைக்கிள் அதோடு போயிற்று.

மிச்சம் இருந்தது பள்ளிக்கூடம். அண்ணா பிறந்தநாளையொட்டி செப்டம்பரில் மாவட்டந்தோறும் மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த பிறகு கிருஷ்ணகிரிக்கும் தனியாக. 13, 15, 17 வயதுப் பிரிவுகள். பையன்களுக்கு 15, 20 கி.மீ., பெண்களுக்கு 10, 15. அறிவிப்பில் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியை அவரவரே கொண்டுவர வேண்டும், அது இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட மிதிவண்டியாக இருக்க வேண்டும்.

படித்தால் அரசாங்கக் கறார் மாதிரித் தெரியும். யோசித்தால் எத்தனை சரியான விதி! வேகம் கூடும்போது மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. வளைந்த கைப்பிடியில் குனிந்தவனுக்குக் காற்று குறைவு. ஆக, கைப்பிடியைப் பொதுவாக்கினால் காசு கொஞ்சம் ஒதுங்கி, கால் முன்னே வரும். உலக சைக்கிள் சங்கமும் 2000இல் இங்கேதான் வந்து நின்றது. 1996இல் கிறிஸ் போர்ட்மேன் புதுவகைக் கைப்பிடியில் கையை நீட்டிப் படுத்தவாறு ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. ஓட்டியிருந்தார். பிறகு சங்கம், 1972இல் எடி மெர்க்ஸ் ஓட்டியது மாதிரியான வண்டியில் ஓட்டினால்தான் சாதனை என்றது. அதே போர்ட்மேன் அந்த மாதிரி வண்டியில் ஓட்டினார்: 49.441. மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். ஏழு கிலோமீட்டர் வண்டியுடையது, பத்து மீட்டர் அவருடையது. மெர்க்ஸின் வண்டியிலும் வளைந்த கைப்பிடிதான், அந்த வகையில் கிருஷ்ணகிரி விதி இன்னும் கறார்!

இப்போது பல பிள்ளைகள் கொண்டுவருவது அரசின் விலையில்லா சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம். பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும் என்பதால், சின்னப் பிரிவில் ஓடுகிறவர்கள் அண்ணன் வண்டியையோ அக்கா வண்டியையோ கேட்டு வாங்கி, சீட்டைக் கடைசி வரை இறக்கி, முன்கூடையைக் கழற்றிவிட்டு வருகிறார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "என் வண்டியை அங்கே சேர்ப்பாங்களா?" என்று சிரித்தார். மாட்டார்கள் என்றேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், நானூறு மீட்டர் ஏற்றம். அந்த அக்கா வண்டி ஒன்றில் ஒருநாள் ஏறிப் பார்க்கிறேன் என்றார். எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன்.