கிணற்றுக்குள் யார்? - 'ரிங்கு', 'தி ரிங்'

'தி ரிங்'கைத்தான் நான் முதலில் பார்த்தேன். கோர் வெர்பின்ஸ்கி 2002இல் எடுத்த ஹாலிவுட் படம். ஹிடியோ நகாதாவின் 'ரிங்கு' (1998) அதற்கப்புறம்தான் கைக்கு வந்தது. மறுஆக்கத்தின் வழியாக மூலத்துக்குப் போகிற இந்தத் தலைகீழ்ப் பயணத்தில், ஜப்பானியப் படம் எனக்குச் சப்பென்றிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இதையா இவ்வளவு பெருசாப் பேசறாங்க?" என்று நண்பரிடம் கேட்டேன். அந்தப் பேச்சை இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு வீடியோ நாடா. பார்த்தவர் ஏழு நாளில் சாவார். இரண்டுக்கும் அடி கோஜி சுசுகியின் நாவல் (1991). நாவலில் துப்புத் துலக்கும் பத்திரிகையாளர் ஓர் ஆண். அவரைப் பெண்ணாக, ஒரு சிறுவனின் தாயாக மாற்றியது நகாதாவின் படம். ஹாலிவுட் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளாமல் விட்டது எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

'ரிங்கு'வில் பேயாக வரும் சடாகோவின் தாய் ஷிசுகோ, ஓஷிமா தீவுக்காரி. மிஹாரா எரிமலை வெடிக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னவள். டாக்டர் இகுமா அவளைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்திச் சோதனை நடத்துகிறார். மோசடி என்று கூச்சல் எழுகிறது. கூச்சலைக் கிளப்பிய நிருபர் அங்கேயே செத்து விழுகிறார். ஷிசுகோ எரிமலை வாயில் குதிக்கிறாள். சடாகோவைக் கிணற்றில் தள்ளுகிறார் இகுமா.

இது வெறும் கற்பனையில்லை. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த டொமோகிச்சி ஃபுகுராய், குமமோட்டோ பகுதியைச் சேர்ந்த மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை 1910 செப்டம்பரில் டோக்கியோவில் அறிஞர்கள் முன் நிறுத்தினார். மூடி அடைத்த ஈயக் குழாய்க்குள் இருக்கும் எழுத்தை அவர் படிக்க வேண்டும். படித்தார், ஆனால் இயற்பியல் அறிஞர் யமகாவா கென்ஜிரோ தயாரித்துத் தந்த குழாயிலிருந்ததை அல்ல, பயிற்சிக்கென்று ஃபுகுராய் முன்பு கொடுத்திருந்ததை. பத்திரிகைகள் சும்மா விடுமா? 1911 ஜனவரியில் சிசுகோ விஷம் குடித்து இறந்தார். வயது 24. ஃபுகுராய் பிறகு சோதித்த பெண்களில் ஒருவர் பெயர் தகாஹாஷி சடாகோ. மனதில் நினைத்ததைப் புகைப்படத் தகட்டில் பதியவைப்பதற்கு 'நென்ஷா' என்று பெயர் வைத்தவரும் அவரே. 1913இல் புத்தகமாகவும் எழுதினார், பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறவும் நேர்ந்தது. எந்தக் கேமராவும் எடுக்காத அந்த வீடியோ நாடா ஒரு நென்ஷாதான்.

சிசுகோவுக்கு உண்மையிலேயே சக்தி இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக நான் நம்பவில்லை. என் கேள்வி வேறு. நவீனமாகிக்கொண்டிருந்த ஒரு பேரரசு, தன் 'அறிவு' எது, 'மூடநம்பிக்கை' எது என்று பிரித்துக்கொள்ள ஒரு வெளியூர்ப் பெண்ணின் உடம்பை மேடையாக்கியது. சோதித்தவர்களும் எழுதியவர்களும் ஆண்கள். செத்தது அவள். நகாதாவின் படத்தில் துப்புத் துலக்கும் ரெய்கோவும் பத்திரிகைக்காரி என்பது இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. ஷிசுகோவைச் சாகடித்த தொழிலைத்தான் அவள் செய்கிறாள்.

ஹாலிவுட்டில் ரேச்சலும் பத்திரிகையாளர்தான். ஆனால் அது அவளுக்கு வெறும் உத்தியோகம். மோஸ்கோ என்றொரு தீவு, குதிரை வளர்க்கும் குடும்பம், தத்தெடுத்த பெண் சமாரா. பேராசிரியர் இல்லை, மேடை இல்லை, கூச்சலிடும் நிருபர்கள் இல்லை. மனநல மருத்துவமனைக் காட்சி உண்டு. அங்கும் அவள் ஒரு நோயாளிக் கோப்பு மட்டுமே. கிணற்றில் தள்ளுவது தாய். பொதுவெளியின் குற்றம் ஒரு வீட்டுக்குள் சுருங்கிவிட்டது, குழந்தை பிறவியிலேயே தீயது என்றாகிவிட்டது. குதிரை கப்பலிலிருந்து கடலில் பாயும் காட்சி அசத்தல்தான், மறுக்கவில்லை. பேய் கிணற்றிலிருந்து வரும் நடைக்கு நகாதா செய்ததோ, நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படச்சுருளைத் திருப்பி ஓட்டியதுதான்.

முடிவிலும் இதே கதை. நாடாவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பலாம். அப்படிக் காட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்று மகன் கேட்கிறான், ரேச்சல் பதில் சொல்வதில்லை. அந்த 'இன்னொருவர்' முகமில்லாத யாரோ. ரெய்கோவோ தன் அப்பாவுக்குப் போன் போட்டு ஓர் உதவி வேணும் என்கிறாள். நாடாவை எடுத்துக்கொண்டு, பேரனுக்காகத் தாத்தாவிடம் காரில் போகிறாள்.