வசவு வீடான கதை

தமிழில் 'விபசார விடுதி' என்று இரண்டு சொல் போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு 'பிராத்தல்' என்ற ஒரே சொல் போதும். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது வீட்டைக் குறிக்கவில்லை, ஆளைத்தான் குறித்தது.

பழைய ஆங்கிலத்தில் 'ப்ரெயோதன்' என்றொரு வினை உண்டு. சீரழிந்து போவது என்று பொருள். அதன் வழியில் வந்த 'பிராத்தல்' 14ஆம் நூற்றாண்டில் ஒரு வசவு. நம் ஊரில் 'தறுதலை' என்கிறோமே, ஏறக்குறைய அது. ஆணையும் அப்படித் திட்டினார்கள், பெண்ணையும் திட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சொல் விலைமகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. கெட்டுப்போனவன் நைசாக நழுவிக்கொண்டான், கெட்டுப்போனவள் மாட்டிக்கொண்டாள்.

அடுத்து, அவள் இருந்த இடம் 'பிராத்தல் ஹவுஸ்' ஆயிற்று. அப்போது அவர்களுக்கும் நம்மைப் போல இரண்டு சொல்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'ஹவுஸ்' உதிர்ந்தது. 'ஹாம்லெட்' நாடகத்தில் பொலோனியஸ் வாயில் இச்சொல் வரும்போது அது முழு இடப்பெயர்.

'ஹவுஸ்' உதிர்ந்தும் பொருள் நின்றதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று காரணம். பிரெஞ்சிலிருந்து வந்த 'பார்டெல்' விபசார விடுதி என்ற பொருளில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் புழங்கிக்கொண்டிருந்தது. அதன் முதற்பொருள் வெறும் பலகைக் குடிசை. நாம் நாள்தோறும் சொல்லும் 'போர்டு' அந்த வேரின் உறவுக்காரன். ஓசை ஒத்திருந்ததால் இரண்டும் குழம்பின. இன்றைய 'பிராத்தல்' சொல்லுக்கு உடல் ஆங்கிலம், உயிர் பிரெஞ்சு.

'பிராத்தல்' இடப்பெயர் ஆவதற்கு முன்பே லண்டன்காரர்கள் வேறொரு சொல்லும் வைத்திருந்தார்கள்: 'ஸ்டூஸ்'. வெந்நீர்க் குளியலறை என்ற பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. குளியல் வீடுகளில் வேறு வியாபாரமும் நடந்ததால் பெயர் அதற்கே ஒட்டிக்கொண்டது. ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற ஸ்டூவும் அதே குளியலறையிலிருந்து வந்ததுதான். கொதிநீரில் வேகவைப்பது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது.

தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க்கில், இந்த வீடுகள் வரிசையாக இருந்தன. அந்த வட்டாரம் வின்செஸ்டர் பிஷப்பின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வீடுகள் எப்போது திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டதிட்டம் இருந்தது, மீறினால் அபராதம். ஊரார் அங்கிருந்த பெண்களை 'வின்செஸ்டர் வாத்துகள்' என்று கேலி செய்தார்கள். 1546இல் எட்டாம் ஹென்றி ஆணையிட்டு வீடுகளை மூடினார். தொழில் நிற்கவில்லை, 'ஸ்டூஸ்' மெல்ல மறைய, 'பிராத்தல்' அந்த இடத்தைப் பிடித்தது.

ஜான் ஸ்டோ 1598இல் லண்டனைப் பற்றி எழுதிய நூலில், இந்தப் பெண்களுக்குக் கிறித்தவ அடக்கம் மறுக்கப்பட்டதையும், ஊர்த் தேவாலயத்துக்கு வெகுதூரத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய புதைநிலம் ஒன்று இருந்ததையும் குறிப்பிடுகிறார். அவர் கேள்விப்பட்டிருந்த அதன் பெயரில் 'ஸ்டூஸ்' இல்லை, 'பிராத்தல்' இல்லை. தனிப்பெண் கல்லறை, அவ்வளவுதான்.