காத்திருப்பவரை அளந்து வரைந்த கட்டடம்

1964-இல் அமெரிக்காவில் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்தப் பகுதி மக்களுக்காகத் திட்டமோ, அதை நடத்துவதில் அந்த மக்களுக்கும் இயன்றவரை பங்கு தர வேண்டும் என்பது அதில் இருந்த ஒரு நிபந்தனை. வேலைவாய்ப்பு, சட்ட உதவி, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று ஆளுக்கொரு மூலையில் கிடந்த அலுவலகங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ‘பல்சேவை மையம்’ அந்த வருடங்களில் பேசப்பட்ட ஒன்று.

கூரை ஒன்றானால் போதுமா? வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் கேட்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் கம்பி வலைக்கு உள்ளே நாங்கள். வெளியே பித்தளை டோக்கனைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர்கள். கட்டடம் வரைந்தவர் எங்கள் மேசைகளையும் லாக்கர் அறையையும் சரியாக அளந்திருந்தார். காத்திருப்பவரை யாரும் அளக்கவில்லை.

அளந்தவர் கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டர். 1936-இல் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கணிதமும் கட்டடக்கலையும் படித்தவர். 1964-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றின் பிற்சேர்க்கையில் ஓர் இந்தியக் கிராமத்தை உதாரணமாக எடுத்து, அதன் தேவைகளை 141 வரிகளாகப் பட்டியலிட்டிருக்கிறார். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் ஆய்வு மையம் அமைத்து, 1968-இல் சாரா இஷிகாவா, மர்ரே சில்வர்ஸ்டைன் இருவருடனும் சேர்ந்து பல்சேவை மையங்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். அதில் பேசப்படும் இடங்களில் ஒன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஹன்ட்ஸ் பாயின்ட்.

நூலில் இருப்பவை 64 ‘பேட்டர்ன்’கள். தையற்காரர் துணி வெட்டும் அட்டை என்று நினைக்க வேண்டாம். ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை, அதற்கான காரணம், அதைத் தீர்க்கும் அமைப்பு மூன்றையும் சேர்த்து எழுதிய குறிப்புதான் பேட்டர்ன். காரணம் எழுத்தில் இருப்பதால், வரைபடம் படிக்கத் தெரியாதவரும் “எங்கள் தெருவுக்கு இது பொருந்தாது” என்று வாதாடலாம். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

ஒன்றிரண்டைச் சொல்கிறேன். கட்டடத்தின் நடுவே ‘அரீனா’ என்ற பொது வெளி. தெருவில் போகிறவர் அதன் வழியாகவே நடந்து போகலாம். எல்லாச் சேவைகளும் அதைப் பார்த்தபடி இருப்பதால் எது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம். அலுவலகங்களைப் பூட்டினாலும் அரீனாவைத் திறந்து வைக்கலாம். காத்திருப்பதற்கென்று தனி அறை அடைத்து வைக்காமல், நம் முறை வரும்வரை உலாத்தவும் வேடிக்கை பார்க்கவும் விட்டுவிடுகிறார்கள். படிவம் நிரப்ப மேசை, எளிதில் போகக்கூடிய கழிப்பறை, ஏன், உட்கார்ந்த இடத்தில் கண் அயர்ந்தால் எழுப்பக் கூடாது என்பது வரை உண்டு. நம் திண்ணை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. மையத்தின் விளிம்பில், மாலை போல, பொதுமக்களே நடத்தும் சிறு முயற்சிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசுபவர்களாகவும் இருக்கலாம். தன்னைக் கேள்வி கேட்பவனுக்குத் தன் கட்டடத்திலேயே இடம் கொடுப்பது என்றால் சும்மாவா!

1977-இல் மேலும் சிலரோடு சேர்ந்து 253 பேட்டர்ன்கள் கொண்ட ‘எ பேட்டர்ன் லாங்வேஜ்’ நூலை வெளியிட்டபோது இவற்றில் பல அதிலும் இடம்பெற்றன. 81-ஆவது பேட்டர்ன்படி, ஒரு சேவைப் பிரிவில் குமாஸ்தா உட்பட 12 பேருக்கு மேல் கூடாது. சிறிய கிளையில் வேலை பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். அங்கே வாடிக்கையாளரின் முகம் தெரியும். 151-ஆவது, கூட்ட அறைகளில் 70 சதவீதமாவது 12 பேர் அமரும் சிறு அறைகளாக இருக்கட்டும் என்கிறது. தங்களுக்கு உறுதியாகத் தோன்றியவற்றுக்கு இரண்டு நட்சத்திரம், ஓரளவு தோன்றியவற்றுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆசிரியர்களே குறித்திருப்பது நேர்மையான கணக்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் மென்பொருளில் ‘டிசைன் பேட்டர்ன்’ என்று சொல்வதும் இவரிடமிருந்து போனதே. 2022-இல் அலெக்சாண்டர் காலமானார்.

இப்போது நம் சங்கக் கட்டட விஷயம். சுற்றுக்கு வந்திருக்கும் வரைபடத்தில் 200 பேர் அமரும் ஹால் இருக்கிறது. செயலருக்கும் பொருளாளருக்கும் அறைகள் இருக்கின்றன. ஹால் வருடத்தில் எத்தனை நாள் நிறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பராமரிப்புக் கட்டணம் செலுத்த வரும் 75 வயதுக்காரர் எங்கே உட்காருவார் என்பது வரைபடத்தில் இல்லை. வேலைக்காரப் பெண்களும் காவலாளிகளும் மதிய உணவு சாப்பிட இடம் இல்லை. செயற்குழுவோடு ஒத்துப்போகாதவர்கள் கூடிப் பேச ஓர் அறை வேண்டும் என்று நான் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம்; இருந்தாலும் சொல்கிறேன்.

81, 149, 150, 151 ஆகிய நான்கு பேட்டர்ன்களின் சாரத்தையும் தமிழில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போவதற்கு முன் கட்டடக் குழுவினர் படித்துவிட்டுத் திருப்பித் தரவும். வேறு நகல் என்னிடம் இல்லை.