சொந்தக் குடியிருப்புக் கோரிக்கையும் நேர்மையின் அளவுகோலும்: 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(5) பிரிவு

வாடகைதாரரை வெளியேற்றிவிட்டுத் தாமே குடியேற விரும்பும் உரிமையாளரின் நேர்மை, அவரது உள்ளக்கிடக்கையைப் பொறுத்தது என்பது தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 குறித்த ஆய்வுகளில் வேரூன்றிய கருத்து. ஹமீதியா ஹார்டுவேர் ஸ்டோர்ஸ் வழக்கின் தீர்ப்பே (1988) இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. வணிகக் கட்டடம் பற்றிய அந்த வழக்கில், சட்டம் விதித்த நிபந்தனைகளை உரிமையாளர் நிறைவு செய்தால் மட்டும் போதாது, கோரிக்கை நேர்மையானது என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்மை வேண்டும் என்பதுவரை மறுப்பதற்கில்லை. அது மனத்துக்குள் இருக்கும் ஒன்று என்ற முடிவு தீர்ப்பிலிருந்து தானாகப் பிறப்பதில்லை.

இவ்விடத்தில் 10(5) பிரிவைப் பார்க்க வேண்டும். உத்தரவின்பேரில் கட்டடத்தைப் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் தாமே குடியேறாவிட்டாலோ, குடியேறியபின் தக்க காரணமின்றி ஆறு மாதத்துக்குள் காலி செய்துவிட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்து கட்டடத்தை மீண்டும் பெறலாம். இதை ஏமாற்றியவருக்கான தண்டனை என்றே இதுவரை படித்து வந்திருக்கிறார்கள். ஆனால் அபராதமோ சிறையோ இங்கு இல்லை. உரிமையாளர் பொய் சொன்னாரா என்ற கேள்வியே எழவில்லை. உத்தரவு பெற்ற நாளில் உண்மையாகவே குடியேற எண்ணியிருந்து, பின் மனம் மாறி வராமலே இருந்துவிட்டவரும் இதே விளைவுக்கு ஆளாகிறார். தண்டனை என்று கொண்டால் இது விளங்காது. குடியிருப்பு என்ற செயல் நடந்தேறினால்தான் வெளியேற்றம் நிலைக்கும் என்று கொண்டால் விளங்கும்.

முன்நிபந்தனையும் இதே இயல்புடையது. உரிமையாளருக்கு அதே நகரிலோ ஊரிலோ தாம் குடியிருக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது என்று 10(3) சொல்கிறது. அதுவும் வெளியே நின்று சரிபார்க்கத்தக்க உண்மையே. இரு முனையிலும் செயலையும் நிலையையும் கேட்கும் சட்டம், நடுவில் மட்டும் மனத்தைத் துருவச் சொல்கிறது என்பது நம்பத்தக்கதாக இல்லை. 10(5)இன் வரலாற்றை முழுமையாக ஆராயாமல் இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் சட்டத்தின் கட்டமைப்பு இப்பக்கமே சாய்கிறது.

பரிகாரப் பிரிவைக் கொண்டு தகுதிப் பிரிவுக்குப் பொருள் காணலாகாது என்ற ஆட்சேபம் வலுவற்றது. ஒரு சட்டத்தை முழுமையாகப் படிப்பது விதி, விலக்கல்ல. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்துவிட்டதே என்பதும் பதிலாகாது. அன்று நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

இவ்வாசிப்பை ஏற்றால் விசாரணையின் போக்கு மாறும். உரிமையாளரின் சாட்சியம் உருக்கமாக இருந்ததா என்பதைவிட, இப்போது எங்கே வாழ்கிறார், யார் யாருடன் வரப்போகிறார், இந்த வீட்டில் அவர்களுக்கு இடம் போதுமா என்பவை முன்னிற்கும். மீட்பு மனுவிலும், வீடு பூட்டிக்கிடப்பதைக் காட்டினாலே வாடகைதாரரின் பொறுப்பு முடிந்துவிட வேண்டும்; குடியேறிப் பின் காலி செய்திருந்தால், தக்க காரணத்தைச் சொல்லவேண்டியவர் உரிமையாளரே.